ஹோல்புருக் வீட்டு மேல்மாடி அறை

லண்டன் எட்மண்டனில் அருள்நாயகி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஹோல்புருக் அக்கா என்று கேட்டால் பஸ் தரிப்பில் நிற்கிறவர்களே வீட்டைக் காட்டிவிடுவார்கள். தெல்லிப்பழையில் பிறந்த ஒரு கட்டைத் தமிழ்ப் பெண்ணுக்கு வெள்ளைக்காரப் பெயர் எப்படி வந்தது என்று புதிதாக வந்திறங்கிய பெடியள் கேட்பார்கள். அவள் வாய் திறக்க முன்னம் புருஷன் இராசநாயகம் முந்திக்கொள்வார்.

"சீதனமாய்க் காணியும் கொண்டு வரேல்லை, நகையும் கொண்டு வரேல்லை. இந்தப் பேர் ஒண்டுதான் கொண்டுவந்தவ. அதிலயும் எனக்குப் பங்கு தரமாட்டன் எண்டுட்டா."

பெயர் வந்த கதை அவளுடைய பூட்டனோடு தொடங்குகிறது. பூட்டன் வேலாயுதம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் பேதி பரவி, தாயும் தகப்பனும் ஒரே கிழமையில் போய்ச் சேர்ந்தார்கள். தெருவில் நின்ற பிள்ளையை அமெரிக்க மிஷன்காரர் கொண்டுபோய்த் தங்கள் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் யாராவது ஒரு பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் பொறுப்பெடுத்தால், அவர்கள் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். வேலாயுதத்துக்குப் பொறுப்பெடுத்தவர் ஹனா ஹோல்புருக் என்ற ஒரு கைம்பெண். செத்துப்போன தன் மகனின் பெயரை அவனுக்கு வைக்கச் சொன்னார். வேலாயுதம் ஜோன் ஹோல்புருக் ஆனான். ஜோனின் மகன் சாமுவேல், சாமுவேலின் மகன் ஏபிரகாம் வாத்தியார், வாத்தியாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது அருள்நாயகி, இளையது யாக்கோப்பு.

ஹனா ஹோல்புருக் பணக்காரி இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டு, அந்தச் சீனிக் காசை மிச்சம் பிடித்துத்தான் அந்த மனிசி முகம் தெரியாத ஒரு பிள்ளையைப் படிப்பித்தது என்று அவர்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். மாலைச் செபத்தில் கடைசியாக ஒரு வரி வரும்: "ஹோல்புருக் அம்மாவின் சந்ததியை ஆசீர்வதியும்." அந்தச் சந்ததி எங்கே இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அவர்கள் சொந்தக்காரர். பெயர் தந்தவர்கள் சொந்தக்காரர் இல்லாமல் வேறென்ன?

இன்னொரு பழக்கமும் அந்த வீட்டில் இருந்தது. உலையில் போட அரிசி அளந்தால், கழுவ முன்னம் அதில் ஒரு பிடி எடுத்து ஒரு டின்னில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி மிஷன் கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாதவர்களுக்குப் போகும். பிடியரிசி என்று பெயர். கூட அளந்துவிட்டு அதில் ஒரு பிடி எடுக்கிறதல்ல. வீட்டாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அளக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பிடி போனால் அன்றைக்கு யாரோ ஒருவர் ஒரு வாய் குறையச் சாப்பிடுவார். அநேகமாக அது தாய்தான்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருஷம் அருள்நாயகி புருஷனோடும் மகள் சுகிர்தாவோடும் லண்டனுக்கு வந்தாள். இராசநாயகம் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை, அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிள்ளைகள் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டுப் போகும் தட்டுகளை வழித்துக் கறுப்புப் பையில் கொட்டுவதுதான் அவளுக்கு முதலில் பழக்கிய வேலை. முதல் கிழமை வீட்டுக்கு வந்து அழுதாள். பிறகு அழுகை நின்றுவிட்டது, பழகிவிட்டது. ஆனால் வீட்டில் பிடியரிசி எடுப்பதை மட்டும் அவள் விடவில்லை. இங்கத்தைய கோயிலில் அரிசி கொண்டுபோனால் பாதிரியார் அதை என்ன செய்வார் என்று சனிக்கிழமைகளில் அந்த அரிசியைச் சமைத்து, வேலை கிடைக்காமல் அறைகளில் முடங்கிக் கிடந்த பெடியளைக் கூப்பிட்டுப் போட்டாள்.

எண்பத்தெட்டுக் கோடையில் நம்ப முடியாத ஒன்று நடந்தது. ஹனா ஹோல்புருக்கின் இன்னொரு மகன் வழிப் பூட்டப்பிள்ளையான டேல் ஹோல்புருக் என்பவர், வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு தன் முன்னோரைத் தேடப் புறப்பட்டிருந்தார். பழைய மிஷன் பத்திரிகை ஒன்றில் யாழ்ப்பாணத்துப் பையனின் கதையைக் கண்டு, யாழ்ப்பாணத்து மிஷன் கோயிலுக்கு எழுதினார். கடிதம் யாக்கோப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் தமக்கையின் லண்டன் விலாசத்தை அனுப்பினான். டேலும் மனைவி மார்ஜரியும் ஐரோப்பா சுற்றிப் பார்க்க வந்த வழியில் எட்மண்டனில் வந்து இறங்கினார்கள்.

நல்ல மனிதர்கள். அதை அருள்நாயகி ஒருநாளும் மாற்றிச் சொல்லவில்லை. டேல் வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். சாப்பாட்டு மேசையில் எல்லோருடைய கையையும் பிடித்துச் செபம் பண்ணினார். மார்ஜரி தட்டு நிறைய இடியப்பம் எடுத்து, பாதியை அப்படியே வைத்தார். தேத்தண்ணி கொடுத்தபோது சீனி வேண்டாம் என்றார். அருள்நாயகிக்கு உடம்பு புல்லரித்தது. ஹனா பூட்டியின் வழக்கம் இன்னும் இருக்கிறதே என்று நினைத்தாள். சுகிர்தா கேட்டுப் பார்த்ததில், உடம்பு மெலிய வேண்டும் என்று டொக்டர் சொன்னாராம். இராசநாயகம் சிரிப்பை மறைக்க முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

போகும்போது மார்ஜரி பிடியரிசி டின்னைக் கண்டு என்ன என்று கேட்டார். சுகிர்தா விளக்கினாள். மார்ஜரியின் கண் கலங்கிவிட்டது. இதைத் தங்கள் சபைக்குக் காட்ட வேண்டும், தர முடியுமா என்று கேட்டார். அந்தக் கிழமை சேர்ந்த அரிசியோடு டின்னை அப்படியே தூக்கிக் கொடுத்தாள் அருள்நாயகி. பதிலுக்கு அவர்கள் தங்கள் வீட்டின் பெரிய கலர்ப் படம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒஹையோவில் ஆறு படுக்கையறை வீடு. பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து போய்விட்டார்கள், இப்போது இரண்டு பேரும் ஒரு நாயும்தான் என்றார் டேல். மேல்மாடி ஜன்னல் ஒன்றை ஒரு மேபிள் மரம் தொட்டுக்கொண்டு நின்றது.

தொண்ணூறில் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியது. தெல்லிப்பழைச் சனம் உடுத்த உடுப்போடு எழும்பி ஓடியது. ஓடும்போது விழுந்த ஷெல்லில் யாக்கோப்பு போனான். பெண்சாதி அதற்கு முன்னமே காய்ச்சலில் போயிருந்தாள். மிச்சம் ஒரே மகள், நேசமலர். பக்கத்து வீட்டுக்காரர் அவளைத் தங்களோடு வள்ளத்தில் ஏற்றி இராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து முகாம். தார்ச்சீற்றுக் கூரை, பக்கத்தில் கட்டிய சேலைதான் சுவர்.

அருள்நாயகி அவளை லண்டனுக்கு எடுக்க ஏறாத வாசல் இல்லை. பெற்ற பிள்ளை என்றால் பார்க்கலாம், தம்பியின் மகள் குடும்பத்தில் சேராது என்றார்கள். கள்ளமாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கொடுக்க அவர்களிடம் காசு இல்லை. பிறகு ஒருநாள் சமையலறையில் தட்டு வழித்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு அது தோன்றியது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. ஹோல்புருக் என்று பெயர் கொண்ட பிள்ளை. அங்கே ஆறு அறையில் ஐந்து சும்மா கிடக்கிறது. டேல் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கல்லூரியின் நிர்வாகத்தில் இருக்கிறவர், அவர் பொறுப்பெடுத்தால் மாணவ விசா கிடைக்கும். வேலாயுதத்துக்கு நடந்தது நேசமலருக்கு ஏன் நடக்கக்கூடாது?

அந்த ஒஹையோ வீட்டின் படத்தில் ஒரு பிரதி எடுத்து முகாமுக்கு அனுப்பினாள். நேசமலர் முகாமுக்கு வெளியே இருந்த போன் கடையிலிருந்து கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"மாமி, எனக்கு அந்த மரத்தடி ஜன்னல் அறை. வேற ஆருக்கும் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"கேட்க முன்னமே அறை பிடிக்கிறாய் நீ."

"பேர் அவையளின்ர பேர்தானே மாமி. கேட்கவும் வேணுமே?"

தொண்ணூற்றொன்றில் உயிர்த்த ஞாயிற்றுக்கு டேலும் மார்ஜரியும் திரும்ப லண்டனுக்கு வந்தார்கள். பரிசுத்த தேசம் பார்க்கப் போகிற வழி. அருள்நாயகி வேலைக்கு லீவு போட்டுச் சமைத்தாள். விருந்தாளி சாப்பிட்டுக் கை கழுவ முன்னம் ஒன்றும் கேட்கக்கூடாது என்பது அவள் வளர்ந்த முறை. அவர்கள் சாப்பிட்டு முடியும்வரை அவள் ஒரு சோறு தொடவில்லை. முடிந்த பிறகு சுகிர்தாவைப் பக்கத்தில் இருத்தினாள்.

"பிள்ளை, வடிவாய்ச் சொல்லு. காசு கேட்கேல்லை எண்டு முதல்ல சொல்லு. அவையளின்ர பூட்டி எங்கட பூட்டனை எடுத்த மாதிரி இந்தப் பிள்ளையை எடுக்கட்டாம். ஒரு அறை போதும். அவள் வீட்டு வேலையும் செய்வாள். சாப்பாட்டுச் செலவுக்கு நாங்கள் இஞ்சை இருந்து உழைச்சு அனுப்புவம் எண்டு சொல்லு."

சுகிர்தா ஒரு சொல் விடாமல் சொன்னாள். டேல் மேசைத் துணியைக் கையால் நீவிவிட்டார். மார்ஜரி அருள்நாயகியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இதற்காகச் செபம் பண்ணப் போகிறோம், தேவன் என்ன சொல்கிறாரோ அப்படிச் செய்வோம் என்றார்.

"என்ன சொல்லுகினம்?" என்று இராசநாயகம் சமையலறையிலிருந்து கேட்டார்.

"செபம் பண்ணப் போகினமாம்."

"பூட்டி செபம் பண்ணினவவோ, சீனியை விட்டவவோ?"

"நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு இருங்கோ. இல்லையெண்டு சொல்லேல்லைத்தானே."

அதுதான் அவள் பிடித்துக்கொண்ட சொல். எங்கள் ஆட்களிடம் சொந்தக்காரன் உடனே இல்லை என்று சொல்லாவிட்டால், அது ஓம் என்றுதான் அர்த்தம். மற்றது, பெயர் தந்த வீட்டார். நூறு வருஷத்துக்கு மேலாக மாலைதோறும் செபத்தில் சொல்லப்பட்டவர்கள். அவர்கள் எப்படி இல்லை என்பார்கள்?

பத்து நாள் போகவில்லை, நேசமலர் கூப்பிட்டாள். திருச்சிப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி ஒன்றில் முகாம் பிள்ளைகள் சிலரை நேர்ஸ் படிப்புக்கு எடுக்கிறார்களாம். இருக்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டு. படித்து முடித்தபின் ஐந்து வருஷம் அங்கேயே வேலை செய்வதாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

"போகட்டோ மாமி?"

அருள்நாயகி கணக்குப் பார்த்தாள். ஐந்து வருஷம் கட்டுப்பட்டால் அமெரிக்கா என்னாவது? டேல் எல்லாம் ஒழுங்கு பண்ணிவிட்டுக் கூப்பிடும்போது பிள்ளை வர ஏலாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

"கொஞ்சம் பொறு பிள்ளை. அவையள் இன்னும் இல்லை எண்டு சொல்லேல்லை."

நேசமலர் பொறுத்தாள். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போனது.

ஜூனில் டேல் கூப்பிட்டார். சுகிர்தா கேட்டுக் கேட்டுச் சொன்னாள். அவர்கள் நிறையச் செபம் பண்ணினார்களாம், சபையோடும் பேசினார்களாம். ஒரு பிள்ளையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து அந்த வாழ்க்கைக்குப் பழக்குவது அவளுக்கே நன்மையோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறதாம். ஒருத்திக்காகச் செலவழிப்பதைக் கொண்டு முகாம் முழுக்க உதவலாம் அல்லவா. அதுதான் வேதத்தில் சொன்ன நல்ல உக்கிராணக்காரன், எசமானின் சொத்தைக் கவனமாய்ச் செலவழிக்கிறவன், செய்கிற வேலையாம். அருள்நாயகியின் டின் சபையையே அசைத்துவிட்டதாம். அதைப் பார்த்து அவர்கள் 'ஒரு பிடி' என்று ஒரு ஊழியம் தொடங்கிவிட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு பெட்டி, வீட்டில் பாவிக்காமல் கிடக்கிற சாமான்களைப் போட்டு நிரப்பித் தருவார்கள். பெட்டிகளை லண்டனுக்கு அனுப்புகிறோம், அங்கிருந்து முகாமுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். கடைசியில் அவர் அழுதுகொண்டு அருள்நாயகிக்கு நன்றி சொன்னார்.

சுகிர்தா போனை வைத்தாள். அருள்நாயகி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அது பிடியில்லை," என்றாள். "அது அலுமாரி துடைக்கிறது."

பெட்டிகள் வந்தன. முன் அறை நிரம்பி மாடிப்படி வரை அடுக்கினார்கள். விலைச்சீட்டுக் கழற்றாத உடுப்புகள், பனிக்குல்லாய்கள், பாண் ரொட்டி சுடும் மெஷின், நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரத்தில் போடும் லைட்டுகள், வான்கோழி உருவத்தில் ஒரு பீங்கான் கோப்பை. வாங்கி ஒருநாளும் தொடாத சாமான்கள். ஒரு நாட்டில் சனம் இவ்வளவு தேவையில்லாததை வாங்குமா என்று இராசநாயகம் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார். பள்ளிக்கூடச் சமையலறைக் கறுப்புப் பைதான் அருள்நாயகிக்கு நினைவு வந்தது. இது காய்ந்த சாமான், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பெட்டியை மட்டும் மதராசுக்குப் போன ஒரு தமிழ்நாட்டு டொக்டரிடம் கெஞ்சிக் கொடுத்து அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்தது. நேசமலர் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மாமி, கம்பளிக் கையுறை நல்ல சாமான். இஞ்சை அடுப்பில சட்டி இறக்க எல்லாரும் என்னட்டைத்தான் இரவல் வாங்குகினம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிய நேசமலர் கேட்டாள்:

"அறை விசயம் என்ன மாமி?"

அருள்நாயகி இல்லை என்று சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். "செபம் பண்ணுகினம் பிள்ளை" என்றுதான் வந்தது.

அந்த வருஷம் மே மாதம் அந்தப் பெரிய தலைவரைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகே தமிழ்நாட்டில் முகாம்களில் கெடுபிடி கூடியிருந்தது. உதவிச் சாமானும் இலேசில் உள்ளே போக ஏலாது, ஆட்களும் நினைத்தபடி வெளியே வர ஏலாது. படிப்புக்கு எடுத்த ஆஸ்பத்திரியும் பிறகு முகாம் பிள்ளைகளை எடுக்கவில்லை. முதல் எடுத்த பிள்ளைகள் மட்டும் தப்பினார்கள். அடுத்த வருஷம் சனத்தைக் கப்பலில் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். ஊருக்குப் போக விருப்பமா என்று கேட்டார்களாம். முகாமில் நிவாரண அரிசியை நிறுத்தினால் யாருக்கு விருப்பம் வராது? நேசமலர் தலைமன்னாரில் வந்து இறங்கினாள். தெல்லிப்பழைக்குப் போக விடவில்லை, அங்கே ஆமிக்காரன் இருந்தான். பேசாலையில் ஒரு முகாம், பிறகு மடுவில் ஒரு முகாம், பிறகு வன்னிக் காட்டுக்குள் எங்கேயோ ஒரு கொட்டில். போன் இல்லை. வருஷத்துக்கு ஒரு கடிதம் வந்தால் பெரிய விசயம். கடைசியாக வந்த கடிதத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பதாகவும், வீட்டின் படம் மழையில் நனைந்து மேபிள் மரம் மட்டும் மிஞ்சியிருப்பதாகவும் எழுதியிருந்தாள்.

லண்டனில் பெட்டிகள் தொடர்ந்து வந்தன. வேண்டாம் என்று சுகிர்தா இரண்டு தரம் எழுதினாள். கொடுக்கிறவர்களின் மனத்தை நோகடிக்கக்கூடாது என்று பாதிப் பெட்டியை அருள்நாயகி தேவாலயச் சந்தைக்குக் கொடுத்தாள். அங்கே பாண் மெஷினை வாங்கிப்போன வெள்ளைக்கார மனிசி, அடுத்த வருஷம் அதையே திருப்பிக் கொண்டுவந்து நன்கொடையாகக் கொடுத்தாள்.

தொண்ணூற்றேழு மார்கழியில் நேசமலர் மலேரியாவில் செத்தாள். வன்னிக்குள் மருந்து போகவில்லை. மடுவிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் கொழும்பில் இருந்து போன் எடுத்துச் சொன்னார். எங்கே அடக்கம் பண்ணினார்கள் என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அருள்நாயகி கேட்டது ஒன்றுதான்: காய்ச்சலில் பிள்ளை என்ன சொன்னது? அவருக்கு அதுவும் தெரியாது. நேசமலருக்குப் பதிலாகத் திருச்சியில் நேர்ஸ் படித்த பிள்ளை இப்போது கனடாவில் இருக்கிறாள் என்று மட்டும் பேச்சுவாக்கில் சொன்னார். அருள்நாயகி போனை வைத்துவிட்டு அடுப்பை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒருவரோடும் பேசவில்லை.

சுகிர்தா அமெரிக்காவுக்கு எழுதினாள். டேல் கூப்பிட்டு அழுதார், மார்ஜரியும் அழுதார். பூக்கடை வான் வண்டியில் வெள்ளை லில்லிப்பூக் கூடை ஒன்று வந்தது. வாசலால் உள்ளே வராத அளவு பெரிய கூடை.

அடுத்த வருஷம் ஒரு படம் வந்தது. அருள்நாயகி சமைக்கத் தொடங்கிய நேரம். இராசநாயகம்தான் உறையைக் கிழித்தார். ஒஹையோவில் அவர்கள் சபை புதிதாக ஒரு உணவுக்கூடம் கட்டியிருந்தது. நீட்டு மேசைகள், ஆளுயரத்தில் இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள், மேசை நிறையக் கேக்கும் இறைச்சியும். 'ஒரு பிடி' ஊழியத்துக்கு மனமுவந்து கொடுத்த காசில் கட்டியதாம். கதவுக்கு மேலே பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டியிருந்தது: நேசமலர் ஹோல்புருக் அறை.

"பிள்ளைக்கு அறை குடுத்திட்டினம்," என்றார் இராசநாயகம். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது அவருக்கு.

அருள்நாயகி படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பெயரை அவள் அதிகம் பார்க்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேலே ஒரு சின்ன லைட். உள்ளே ஒரு பழைய பால்மா டின். எண்பத்தெட்டில் அவள் தூக்கிக் கொடுத்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"அந்த அரிசியை ஒருத்தரும் சமைக்கேல்லை," என்றாள்.

"பத்து வருஷம். வண்டு பிடிச்சிருக்கும்," என்றார் இராசநாயகம்.

அவள் படத்தை மேசையில் குப்புற வைத்தாள். அளந்து வைத்திருந்த அரிசியில் கையை விட்டாள். வழமைபோல ஒரு பிடி வந்தது. பழையதுக்குப் பிறகு வைத்த டின்னின் மூடியை மற்றக் கை திறந்தது. பிறகு பிடியை விரித்து அரிசியைத் திரும்பச் சட்டியில் விட்டாள், கழுவினாள், உலையில் போட்டாள்.

சாப்பிடும்போது இராசநாயகம் சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சோறு கூடிப்போய்விட்டதே என்றார்.

"சாப்பிடுங்கோ," என்றாள் அருள்நாயகி.

மாலைச் செபத்தில் ஹோல்புருக் சந்ததிக்கான கடைசி வரிக்காகச் சுகிர்தா காத்திருந்தாள். தாய் அந்த வரியைத் தாண்டி ஆமென் சொல்லிவிட்டு எழும்பினாள்.